நாற்காலி போடுகிறவன் பேச வேண்டாம்

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அண்ணனுக்கு மட்டும் அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். பெரும்பாலும் வேலை முடிந்து வரும் வழியில்தான் முடியாமல் போகும். அம்மா கதவைத் திறப்பாள். வாசலில் அவன் தன் செருப்போடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான், செருப்பு ஜெயித்துக்கொண்டிருக்கும். "பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கான்" என்பாள் அம்மா. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதில் கெட்டிக்காரன். உள்ளே மாட்டியவர்கள் அழ ஆரம்பித்தால் கதவுக்கு வெளியே நின்று பேசியே அடக்கிவிடுவான். "மேடம், மூச்சை மெதுவா விடுங்க, நான் இருக்கேன்ல" என்று அவன் சொல்வதைக் கேட்டால் எனக்கே ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். பேச்சு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மட்டும் அவனே நடுவழியில் நின்றுவிடுவான்.

அண்ணி கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனது குடியால் அல்ல, பொய்யால். அதுவும் அண்ணன் சொன்ன பொய்யால் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பெண்ணைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருட்டிய பிறகுதான் வந்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கிற குட்டி, யாரும் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்று ஒப்பித்தாள். "அம்மா, அப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் போயிடுச்சு. உள்ள ஒரு குண்டு மாமா அழுதாரு. அப்பாதான் அவருக்கு விசிறி விட்டாங்க." குண்டு மாமா அவளே சொந்தமாகச் சேர்த்தது என்று பிறகு தெரிந்தது. அண்ணி ஒரு மணி நேரம் அதை நம்பி, குண்டு மாமாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அண்ணன் போனது மதுக்கடைக்கு என்று தெரிந்ததும் பெட்டியை எடுத்தாள். "அவரு பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். அதனாலதான் இத்தனை நாள் சமாளிச்சேன்," என்றாள் என்னிடம். "இவ சொன்னா தெரியல."

போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அவரு வாயால, நாலு பேர் முன்னாடி, 'நான் குடிக்கறேன்'னு சொல்லட்டும். அன்னிக்கே வந்துடறேன்."

"நாலு பேர் முன்னாடியா? வீட்டுக்குள்ள சொன்னா பத்தாதா?" என்றாள் அம்மா.

"வீட்டுக்குள்ள எப்ப சொன்னாரு அத்தை?"

அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

நாலு பேரைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். எதையும் போனில் தேடி எடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. 'குடியை நிறுத்த, அருகில்' என்று அடித்தேன். வரைபடத்தில் முதலில் ஒரு மதுக்கடை வந்தது. அடுத்து ஒரு பார். அதற்கடுத்து இன்னொரு பார், பார்க்கிங் வசதியோடு. பிறகு ஒரு கிளினிக், அங்கே குடியையும் நிறுத்துவார்களாம், முடியும் நடுவார்களாம். அதற்கும் கீழே, காப்பியில் கலந்து கொடுக்கிற ஏதோ ஒரு பச்சைப் பொடி.

அம்மாவுக்குப் பொடி ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுதான்டி நல்லது. அவனுக்கே தெரியாம நிறுத்திடலாம்."

"அவன் குடிச்சதும் யாருக்கும் தெரியாது, நிறுத்தினதும் அவனுக்கே தெரியாது. அப்ப நடுவுல அவன் எதுக்கும்மா?"

"உனக்கு வாய்தான் நீளம்."

கடைசியில் ஒரு போன் நம்பர் கிடைத்தது. குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற கூட்டமாம். போனை எடுத்த பெண்மணியின் குரல் வகுப்பில் வருகை எடுக்கிற மாதிரி இருந்தது. எங்கள் அடுத்த தெருவிலேயே ஒரு கூட்டம் நடக்கிறது என்றார். நான் திரும்பிச் சொன்னதும் அம்மா பதறிப்போனாள். "அடுத்த தெருவா? மானம் போயிடும். தூரமா இருக்கான்னு கேளு."

கேட்டேன். "எவ்வளவு தூரம் வேணும்?" என்றார் அந்தப் பெண்மணி, துணிக்கடையில் மீட்டர் கேட்கிற தொனியில். "இங்க எங்க தெருவுல ஒண்ணு இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். உங்க தெருக்காரங்க நிறையப் பேர் இங்கதான் வர்றாங்க. எங்க தெருக்காரங்க எல்லாம் உங்க பக்கம் போறாங்க. பஸ் கம்பெனிக்குத்தான் லாபம்."

இப்படியாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பஸ் மாறிப் போனோம். குடிக்கிறவன் ஒருவன், துணைக்கு நாங்கள் இருவர். கூட்டம் நடப்பது ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறையில். சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள். நில், மெதுவாகச் செல், முந்தாதே. அதன் அடியில் வட்டமாக நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தார் பின்வரிசையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவுக்கு இது பெரிய சோதனை.

போனில் பேசியவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நடத்துகிறவர் என்றுதான் நான் நினைத்தேன். முதலில் பேசியதே அவர்தான், தானும் குடித்தவர் என்று. ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய்த்தான் பாடம் நடத்தினாராம். "எனக்கு டீ ரொம்பப் பிடிக்கும்னு பசங்க நினைச்சாங்க," என்றார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பொம்பளை குடித்தாளே என்ற அதிர்ச்சியா, அதை வெளியே சொன்னாளே என்ற அதிர்ச்சியா, தெரியவில்லை. வலித்தது எனக்கு.

விதி எளிது. ஒவ்வொருவராகத் தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அடுத்தவருக்குப் புத்தி சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் 'நான் கேட்டுக்கறேன்' என்றால் போதும்.

அண்ணன் முறை வந்தது. அவன் எழுந்தான். தொண்டையைச் செருமினான். நான் மனதுக்குள் அண்ணியின் பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் வைத்துவிட்டேன். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"இந்த ஃபேன்ல பேரிங் போயிடுச்சுங்க," என்றான். "இப்படியே விட்டா மோட்டார் எரிஞ்சுடும்."

அவ்வளவுதான். நாற்காலி மேல் ஏறிவிட்டான். பையில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும். யாரோ ஓடிப்போய்க் கீழேயிருந்து கிரீஸ் வாங்கிவந்தார். கூட்டம் முடியும்போது ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது, எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் அடக்கமாகச் சிரித்தான். லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுத்தபிறகு சிரிப்பானே, அதே சிரிப்பு.

அடுத்த வாரம் கதவைச் சரிசெய்தான். அதற்கடுத்த வாரம் பழைய டீ பாய்லரைப் பிரித்துப் பூட்டினான். பிறகு எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலி போட ஆரம்பித்தான். டீச்சர் மாடிச் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டார். அவன் முறை வரும்போதெல்லாம் டீ கொதிக்கும், இல்லாவிட்டால் யாராவது புதிதாக வாசலில் தயங்கி நிற்பார்கள். "நீங்க பேசுங்க, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விடுவான். நாற்காலி போடுகிறவனைப் போய் யார் பேசச் சொல்வார்கள்? கல்யாண வீட்டில் பரிமாறுகிறவனை நீ சாப்பிட்டாயா என்று யாராவது கேட்கிறார்களா?

கூட்டம் முடிந்ததும் எங்களை மட்டும் பஸ் ஏற்றிவிடுவான். "சாமான் எல்லாம் எடுத்து வெச்சுட்டு வர்றேன்." பிறகு புதினா மிட்டாயை மென்றுகொண்டு வருவான்.

"இன்னிக்கும் உடம்பு முடியலையா?" என்பேன்.

"சேவை பண்ணிட்டு வரேன்டி. அலுப்பு இருக்காதா?"

இதற்குள் அம்மா ஒரு அற்புதம் செய்துவிட்டாள். சனிக்கிழமை சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று மாடிப்படியில் யாரோ கேட்டதற்கு, கண்ணைச் சிமிட்டாமல், "எம்மவன் குடிக்கறவங்களுக்குக் கவுன்சலிங் குடுக்கறான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதை அவளே முதலில் நம்பிவிட்டாள்.

பலன் உடனே தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் பேக்கரிக்காரர். விடியும் முன்பே எழுந்து மாவு பிசைகிற மனிதர், டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது.

"தம்பி, உங்கம்மா சொன்னாங்க. இவருக்கும் ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லேன்."

அண்ணன் எழுந்து பாத்ரூமுக்குள் ஒளிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"உக்காருங்கண்ணே. முதல்ல ஒத்துக்கணும். ஒத்துக்காத வரைக்கும் ஒண்ணும் நகராது. குடிக்கறவன் முதல் பொய்யை யாருகிட்ட சொல்றான் தெரியுமா?"

"பொண்டாட்டிகிட்ட," என்றார் பேக்கரிக்காரர்.

"இல்லண்ணே. தன்கிட்டயே."

வார்த்தை டீச்சருடையது. இழுவையும் டீச்சருடையது. பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று, நீதிபதியைப் பார்ப்பதுபோல் பிள்ளையைப் பார்த்தாள்.

"அண்ணா, உனக்கு ஒரு கண்ணாடி கொண்டுவரட்டுமா?" என்றேன். "அதுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லேன்."

"போய் வேலையைப் பாருடி."

பேக்கரிக்காரர் அப்பாவி. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை எங்களோடு வந்தார், தன் முறை வந்ததும், ரொட்டி விலை சொல்வதுபோல் சொன்னார். "நான் குடிக்கறேன். இன்னிக்குக் காலையில கூட." டீச்சர் அவரை முதலில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று. அவர் அதற்கும் போனார். சில மாதங்களில் அவர் கையாட்டம் நின்றுவிட்டது. கேக்கின் மேல் பூ போடுகிறார் இப்போது. அண்ணனை எங்கே பார்த்தாலும் "குருவே" என்று கும்பிடுகிறார். அண்ணனும் கூச்சமில்லாமல் கையை உயர்த்துகிறான். குரு திருந்தாமல் சிஷ்யனைத் திருத்திவிட்டான், இப்படி ஒரு திறமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அண்ணி போன் செய்தாள். "சொன்னாரா?"

"கூட்டமே அவன்தான் நடத்தற மாதிரி இருக்கு அண்ணி."

"நான் அதைக் கேக்கல."

பின்னால் குட்டி யாரோடோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "பாப்பா எப்படி இருக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஸ்கூல்ல யார் கேட்டாலும் அப்பா வெளிநாட்டுல லிஃப்ட் ரிப்பேர் பண்றாருன்னு சொல்றாளாம். கிளாஸ் டீச்சரே நம்பிட்டாங்க," என்றாள் அண்ணி. "இந்த சனிக்கிழமை நான் வரேன். அவர்கிட்ட சொல்லாதே."

அந்த சனிக்கிழமை பார்த்துக் கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. சைகையால் அண்ணனைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அண்ணன் ரெண்டு தடவை மறுத்தான், மூன்றாவது தடவை கேட்பதற்குள் உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்கு உடம்பு பூரித்துப்போனது.

கூட்டம் பாதி நடக்கும்போது அண்ணி படியேறி வந்து, பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் பார்த்தான். பேசிக்கொண்டிருந்த வாக்கியம் வாயிலேயே தங்கிவிட்டது. எழுந்து டீ போடப் போகலாம் என்றால், தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்துபோவது எப்படி? அந்த வசதியை அவனே கெடுத்துக்கொண்டான்.

அன்று புதிதாக ஒரு சலூன்காரர் வந்திருந்தார். இளவயது. கத்தி பிடிக்கிற கை நடுங்கியதால் வாடிக்கையாளர் ஒருவர் பாதி ஷேவில் எழுந்து ஓடிவிட்டாராம். அதைச் சொல்லி முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நீங்க விட்டு எவ்வளவு நாளாச்சு?"

அறையில் சத்தமே இல்லை. ஃபேன் சத்தமாவது இருந்திருக்கும், அதையும் அவனே சரிசெய்து தொலைத்திருந்தான்.

"எங்க குருவா?" என்றார் பேக்கரிக்காரர் பெருமையாக. "அவரு விட்டு வருஷக் கணக்காச்சு."

அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பின்வரிசை விதி பறந்துபோனது. "விடறதுக்கு என்னப்பா இருக்கு? எம்புள்ள தொட்டதே கிடையாது."

சலூன்காரர் அம்மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "தொட்டதே இல்லையா? அப்புறம் இவரு எதுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்காரு? நீச்சல் தெரியாதவரு கரையில நின்னு கையை ஆட்டறதைப் பாக்கவா நான் கடையைப் பூட்டிட்டு வந்தேன்?" பையைத் தோளில் மாட்டினார். "நான் வரேங்க."

அண்ணன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தவன் என்றால் அம்மா வளர்த்த பிள்ளை போய்விடுவான். குடிக்காதவன் என்றால் குரு போய்விடுவார். ரெண்டில் எதை விடுவது என்று அவன் யோசித்த நேரத்தில் சலூன்காரர் கதவுவரை போய்விட்டார். தன் பேச்சைக் கேட்காமல் ஒருவன் எழுந்து போவதை மட்டும் அண்ணனால் தாங்க முடியாது.

"உக்காருய்யா," என்றான். "யாரு சொன்னா தொட்டதில்லன்னு? நீ குடிச்சதெல்லாம் ஒரு குடியா? கை நடுங்குச்சாம். நான் நடுங்கற கையோட பதினாலாவது மாடியில நின்னு ரோப் மாத்தியிருக்கேன்."

சலூன்காரர் நின்றார். அண்ணனுக்குச் சூடு பிடித்தது.

"மதுக்கடைக்காரன் ஷட்டரைத் தூக்கும்போது அவனுக்குக் கைகுடுத்துத் தூக்கறவன் நான். பாட்டிலை எங்க வெப்பேன் தெரியுமா? லிஃப்ட் மெஷின் ரூம்ல, கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னாடி. நாலு கட்டடத்துல வெச்சிருக்கேன். என் பொண்டாட்டி வீடு பூரா தேடுவா, எங்க கிடைக்கும்?"

"டேய்," என்றாள் அம்மா.

"இந்தக் கூட்டம் முடிஞ்சு எங்க போறேன்னு நினைக்கறீங்க? இந்தச் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நேரா அங்கதான். ஒரு வாரம் தவறினதில்ல."

பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தபடி இருந்தார். அண்ணன் நிறுத்துவதாக இல்லை. குடியிலும் தான்தான் முதல் என்று நிரூபிக்காமல் விடமாட்டான் போலிருந்தது.

"பொய் சொல்றதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. என் பொண்ணுக்கே நான்தான் சொல்லிக்குடுத்து..."

அங்கே நின்றுவிட்டான்.

"அவளைக் கடை வாசல் படியில உக்கார வெச்சுட்டு உள்ள போனேன்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "வந்து பாத்தா, நான் சொல்லிக்குடுத்த கதையை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தா. எங்கயும் தப்பு வந்துடக் கூடாதுன்னு. என்னைப் பாத்ததும், 'சரியா சொல்றேனாப்பா'ன்னு கேட்டா. நான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

ஃபேனுக்குக் கைதட்டியவர்கள் இதற்குத் தட்டவில்லை. சலூன்காரர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் காற்றுக் குரலில், "அடுத்தவங்க பேசலாம்" என்றார்.

அன்று நாற்காலிகளைப் பேக்கரிக்காரர் எடுத்து வைத்தார். டீச்சர் அண்ணனிடம் கையை நீட்டினார், அவன் சாவியைக் கொடுத்தான். "நான் முன்னாடியே உங்களைப் பேச வெச்சிருக்கணும்," என்றார் டீச்சர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு. "நாற்காலி போட ஆள் கிடைச்சா யாருக்குத்தான் விட மனசு வரும்."

படியிறங்கும்போது அம்மா ஆரம்பித்தாள். "சொன்னது சொன்னே, மெஷின் ரூம் விலாசமெல்லாம் எதுக்குடா? கீழ டிரைவிங் ஸ்கூல்காரன் காதுல விழுந்திருக்கும். இத்தனை நாள் உன்னை எப்படித் தாங்கிப் பிடிச்சேன்."

"தாங்கினது போதும் அத்தை," என்றாள் அண்ணி. "கை வலிக்கும். கொஞ்சம் கீழ விடுங்க."

பஸ் ஸ்டாப்பில் அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்றான். வீட்டுப்பாடம் முடித்த பையன் மாதிரி முகம். "சொல்லிட்டேன்ல? நாலு பேர் முன்னாடிதான்."

"சொன்னீங்க." அண்ணி அவனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள். "நான்தான் ஏமாந்துட்டேன். குடிக்கறேன்னு சொல்லணும்னு கேட்டேன். நிறுத்தணும்னு கேக்க மறந்துட்டேன்."

"நிறுத்திடறேன்."

"அதை எங்கிட்ட சொல்லாதீங்க, நான் நிறையக் கேட்டாச்சு. டாக்டர்கிட்ட போய் சொல்லுங்க. மாடியில கூட்டத்துக்கு வர்றவங்ககிட்ட வாராவாரம் சொல்லுங்க, உக்காந்து சொல்லுங்க. நாளைக்கு அந்த நாலு கட்டடத்துக்கும் நானும் வருவேன்."

"நீ எதுக்கு? நானே எடுத்துப் போட்டுடறேன்."

"அதனாலதான் நான் வரேன்."

எங்கள் பஸ் வந்தது. அண்ணன் முதலில் ஏறி, ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் ஸ்பேனர் பையை வைத்து அண்ணிக்காக இடம் பிடித்தான். அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா?" என்றேன்.

"எங்கம்மாகிட்டயே இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "வார்த்தை குடுத்துட்டேன், அதனால நான் வரேன். அவ யாருக்கும் வார்த்தை குடுக்கல."